ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸின் ஆயில் பம்ப்: மலைப்பாதை மெக்கானிக்குகளுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

போன மழைக்காலத்தில் ஒரு ஆட்டோமேட்டிக் கார் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குக் கயிற்றில் வந்தது. முண்டக்கயம் பக்கத்தில் எஞ்சின் நின்றுபோய், அங்கிருந்து குமுளி வரை 50 கிலோமீட்டருக்கு மேல் ஒரு ஜீப் அதை இழுத்து வந்திருந்தது. நான்கு சக்கரமும் தரையில். பார்த்தால், பெட்ரோல் டேங்குக்குள் இருக்கும் பம்ப் மட்டும்தான் போயிருந்தது. அரை நாள் வேலை. மாற்றி ஸ்டார்ட் செய்தோம், எஞ்சின் நன்றாகவே ஓடியது. டிரைவில் போட்டு நகர்த்தியதும் கியர் பாக்ஸுக்குள்ளிருந்து அரைக்கிற சத்தம். அடியில் எண்ணெய் தேங்கும் தட்டான சம்பைக் கழற்றினால், தண்டுகளைத் தாங்கும் புஷ் வளையங்களின் வெண்கலப் பொடி எண்ணெயில் மினுமினுத்தது.

"நியூட்ரல்ல போட்டுத்தானே சேட்டா இழுத்தோம்?" என்று வண்டிக்காரர் திரும்பத் திரும்பக் கேட்டார். ஜீப்பை அப்படித்தான் இழுப்பார்கள், அதில் தப்பும் இல்லை. ஜீப் கியர் பாக்ஸில் பற்கள் எண்ணெயில் முங்கிக் கிடக்கும். சுற்றச் சுற்ற எண்ணெயை வாரித் தெளித்துக்கொள்ளும். ஆட்டோமேட்டிக்கில் ஒரு பம்ப் கொண்டுபோய்க் கொடுத்தால்தான் எண்ணெய். அந்தப் பம்பைச் சுற்றுவது எஞ்சின். எஞ்சின் நின்றால் பம்பும் நிற்கும். சக்கரம் எத்தனை சுற்றுச் சுற்றினாலும் உள்ளே புஷ்களுக்கு எண்ணெய் போகாது.

ஏலத்தோட்ட ஜீப்களில் கைபழகி, இப்போது ஆட்டோமேட்டிக் வண்டியின் அடியில் முதல்முறையாகப் படுக்கும் தம்பிகளுக்காக இதை எழுதுகிறேன். கம்பம், கூடலூர், கட்டப்பனை, நெடுங்கண்டம் என்று எந்தப் பக்கம் போனாலும் இந்த வண்டிகள் பெருகிவிட்டன. பம்பைச் சரியாகப் புரிந்துகொண்டால் கியர் பாக்ஸ் புகார்களில் பாதிக்கு எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பது தெரிந்துவிடும். நான் பார்த்தவரை பம்ப் தானாகத் தேய்ந்து செத்தது குறைவு. எண்ணெய் கிடைக்காமல் செத்தது, மாட்டும்போது நம் கையாலேயே உடைந்தது, இவைதான் அதிகம்.

முதலில், இது எந்த ஆட்டோமேட்டிக்?

கிளட்ச் பெடல் இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். 2014-இல் மாருதி செலேரியோவோடு இங்கே வந்து பரவிய ஏஎம்டி, உண்மையில் நாம் பழகிய மேனுவல் கியர் பாக்ஸேதான். கிளட்ச்சை மிதிக்கவும் கியரை மாற்றவும் ஒரு கருவியை மேலே வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எஞ்சின் விசையை எண்ணெய் வழியாகக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் அதில் கிடையாது. இந்தக் கட்டுரையில் சொல்லும் பம்பும் கிடையாது. கியர்களுக்குப் பதில் பெல்ட்டும் புல்லியும் வைத்த சிவிடியில் பம்ப் உண்டு, வேலையும் ஏறக்குறைய இதேதான். ஆனால் அதன் எண்ணெய் வேறு, அழுத்தம் இதைவிட அதிகம். இரட்டைக் கிளட்ச் பெட்டிகளைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். இங்கே நான் பேசுவது டார்க் கன்வெர்ட்டர் வைத்த ஆட்டோமேட்டிக் பற்றி.

பம்ப் எங்கே இருக்கிறது, யார் சுற்றுகிறார்கள்?

எஞ்சினையும் கியர் பாக்ஸையும் பிரித்தால், கியர் பாக்ஸின் முன்பக்கக் கூடான பெல் ஹவுசிங்குக்குள் பெரிய பரங்கிக்காய் மாதிரி ஒன்று உட்கார்ந்திருக்கும். அதுதான் கன்வெர்ட்டர். அதன் முன்பக்கம், எஞ்சினோடு சுற்றும் மெல்லிய தகடான ஃப்ளெக்ஸ் பிளேட்டில் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். பின்பக்கம் குழாய் போல ஒரு கழுத்து நீண்டிருக்கும். கழுத்தின் நுனியில் இரண்டு வெட்டுகளோ, இரண்டு பட்டையான பக்கங்களோ இருக்கும். கன்வெர்ட்டரை நேராகப் பின்னுக்கு இழுத்து எடுத்தால், கழுத்து நுழைந்திருந்த இடத்தில் வட்டமான ஆயில் சீல் தெரியும். சீலுக்குப் பின்னால் இருப்பதுதான் பம்ப். கழுத்தில் உள்ள வெட்டு, பம்பின் உள் பல்சக்கரத்தில் உள்ள இரண்டு காதுகளில் கோத்துக்கொள்ளும். எஞ்சின் ஒரு சுற்றுச் சுற்றினால் பம்பும் ஒரு சுற்று. பார்க்கில் இருந்தாலும், நியூட்ரலில் இருந்தாலும், ரிவர்ஸில் இருந்தாலும் இதில் மாற்றம் இல்லை.

புதிய பெட்டிகள் சிலவற்றில் பம்பை நடு அச்சிலிருந்து ஒதுக்கி வைத்து, சின்னச் சங்கிலி போட்டுச் சுற்றுகிறார்கள். ஜெர்மானிய இசட்எஃப் நிறுவனத்தின் எட்டு கியர் பெட்டி அப்படித்தான். இடம் மாறினாலும் எஞ்சினோடு இருக்கும் உறவு மாறுவதில்லை.

பிறையும் இரண்டு பல்சக்கரமும்

ஒரு பழைய பம்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு இந்தப் பகுதியைப் படித்தால் நல்லது. எந்த ஆட்டோமேட்டிக் ஒர்க்‌ஷாப்பிலும் ஒன்று மூலையில் கிடக்கும்.

மூடியைத் திறந்தால் வெளியே ஒரு வளையம், அதன் பற்கள் உள்நோக்கி. அதற்குள் ஒரு சின்னச் சக்கரம், பற்கள் வெளிநோக்கி. இரண்டுக்கும் மையம் ஒன்றில்லை. சின்னது ஒரு ஓரமாக ஒட்டி நிற்கும். ஒட்டிய பக்கத்தில் பற்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கும். எதிர்ப்பக்கத்தில் இடைவெளி. அந்த இடைவெளியில் மூன்றாம் பிறை போல ஓர் உலோகத் துண்டு, பம்பின் உடலோடேயே வார்க்கப்பட்டிருக்கும்.

இப்போது சின்னச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். வளையமும் கூடவே அதே திசையில் சுற்றும். கோத்திருந்த பற்கள் பிரிகிற இடத்தைக் கவனியுங்கள். பல் வெளியே வர வர அங்கே இடம் பெரிதாகிறது. இடம் பெரிதானால் அழுத்தம் குறையும். சம்பில் கிடக்கும் எண்ணெயை மேலே உள்ள காற்று அழுத்தி, ஃபில்டர் வழியாக அந்த இடத்துக்குத் தள்ளிவிடும். பம்ப் உறிஞ்சுகிறது என்று பேச்சுக்குச் சொல்கிறோமே தவிர, உண்மையில் வெளிக்காற்றுதான் எண்ணெயை உள்ளே தள்ளுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கோளாறு தேடும்போது கைகொடுக்கும்.

வந்த எண்ணெய் பல் இடுக்குகளில் ஏறிக்கொண்டு, பிறையின் மேற்புறமும் கீழ்ப்புறமுமாக இரண்டு வழியில் பயணம் போகும். பிறை நடுவில் நிற்பதால் திரும்பி ஓட வழியில்லை. மறுமுனையில் பற்கள் மீண்டும் கோக்கும்போது, பல் வந்து இடுக்கில் உட்கார உட்கார, அங்கிருந்த எண்ணெய்க்கு இருக்க இடமில்லாமல் வெளிவழியில் பிதுங்கும். கொஞ்சம் எண்ணெய் ஊற்றி, வெளிவழியை விரலால் பொத்திக்கொண்டு சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். விரலைத் தள்ளும்.

பிறை இல்லாத வகையும் உண்டு. அதில் உள் சக்கரத்துக்கு வெளி வளையத்தைவிட ஒரு பல் குறைவு. பற்களின் முனைகளே ஒன்றையொன்று தடவிக்கொண்டு அடைப்பு வேலையைச் செய்யும். இன்னொன்று, தகடுகள் வெளியே வந்து உள்ளே போகும் வேன் பம்ப். அதில் சில வகைகளில் சுற்றியுள்ள வளையத்தை நகர்த்தி, எஞ்சின் வேகமாக ஓடும்போது தேவையில்லாத எண்ணெயைத் தள்ளாமல் குறைத்துக்கொள்ள முடியும். முதல் பாடத்துக்குப் பிறைப் பம்ப் போதும்.

ஒரு எச்சரிக்கை. கிணற்று மோட்டாரின் வெளிக்குழாயை அடைத்தால் அது சும்மா தண்ணீரைக் கலக்கிக்கொண்டிருக்கும், பெரிதாக ஒன்றும் ஆகாது. பல் பம்ப் அப்படியில்லை. ஒவ்வொரு சுற்றுக்கும் அளந்து வைத்த எண்ணெயைத் தள்ளியே தீரும். வழி இல்லையென்றால் எதையாவது உடைக்கும். அதனால்தான் இதன் பக்கத்திலேயே அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு ஒன்று எப்போதும் இருக்கும்.

தள்ளுவது வேறு, அழுத்தம் வேறு

லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி ஏறும்போது, பெரியாற்றுத் தண்ணீரை மின் நிலையத்துக்கு இறக்கும் ராட்சதக் குழாய்களைப் பார்த்திருப்பீர்கள். அங்கே அழுத்தம் உயரத்தால் வருகிறது. 10 மீட்டர் உயரத் தண்ணீர் ஒரு சதுர சென்டிமீட்டரை ஏறக்குறைய 1 கிலோ அழுத்தும். கியர் பாக்ஸுக்குள் 10 கிலோ அழுத்தம் வேண்டுமென்றால் 100 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நிற்பதற்குச் சமம். உள்ளங்கை அகலப் பம்ப் அந்த வேலையைச் செய்கிறது.

ஆனால் பம்ப் நேரடியாக அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. அது எண்ணெயை ஓடவிடுகிறது. ஓட்டத்துக்குத் தடை வரும்போது அழுத்தம் ஏறுகிறது. தோட்டத்தில் ரப்பர் குழாயின் வாயை விரலால் பாதி மூடினால் தண்ணீர் பீய்ச்சுகிறதே, அதுதான். கியர் பாக்ஸில் அந்த விரலின் வேலையைச் செய்வது அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு. ஒரு பக்கம் ஸ்பிரிங், மறுபக்கம் எண்ணெய். அழுத்தம் கூடினால் ஸ்பிரிங்கைத் தள்ளிக்கொண்டு வால்வு நகரும். மிச்ச எண்ணெய் திரும்பப் பம்பின் வாய்க்கோ சம்புக்கோ போய்விடும். ஆக்சிலேட்டரை மிதித்தால், ரிவர்ஸில் போட்டால், பெட்டிக்குள் கியர்களைப் பிடித்துக்கொடுக்கும் பிளேட் கிளட்ச்களை இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டும். அப்போது இந்த வால்வையே வேறு வால்வுகள் தள்ளி அழுத்தத்தை ஏற்றும்.

கணக்காகப் பார்ப்போம். ஒரு சுற்றுக்கு 16 மில்லி தள்ளும் பம்ப் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் 750 சுற்றில் ஐடிலிங் ஓடினால் நிமிடத்துக்கு 12 லிட்டர். 3000 சுற்றில் 48 லிட்டர். ஐடிலிங்கில் எண்ணெய் குறைவு என்பதை இங்கேயே கவனியுங்கள். பம்ப் தேய்ந்திருந்தால் முதலில் காட்டிக்கொடுப்பது ஐடிலிங்தான், அதுவும் எண்ணெய் சூடாகி இளகிய பிறகு. காலையில் நன்றாக ஏறிய வண்டி, மதியம் செக்போஸ்ட் வரிசையில் நின்று நகரும்போது தயங்குகிறது என்று சொன்னால் இதையும் யோசியுங்கள்.

அழுத்தம் என்ன செய்கிறது? கிளட்ச் பிஸ்டனின் பரப்பு 60 சதுர சென்டிமீட்டர், அழுத்தம் 8 கிலோ என்றால் பிளேட்டுகளை அமுக்கும் விசை 480 கிலோ. கிட்டத்தட்ட ஐந்து குவிண்டால். அழுத்தம் பாதியானால் விசையும் பாதி. பிளேட் வழுக்கும், வழுக்கினால் சூடாகும், சூடானால் கருகும். கருகின பிளேட்டை மாற்றிவிட்டுப் பம்பைப் பார்க்காமல் மூடினால் மூன்று மாதத்தில் அதே வண்டி திரும்பி வரும்.

கிளட்ச்சை அமுக்குவதோடு இந்த எண்ணெய்க்கு வேலை முடியவில்லை. கன்வெர்ட்டரை நிரப்புவதும் அதுதான். அங்கே சூடாகி, ரேடியேட்டர் பக்கத்துக் கூலருக்குப் போய் ஆறி, திரும்பி வரும் வழியில் புஷ்களையும் பல்சக்கரங்களையும் நனைத்துவிட்டுச் சம்பில் விழும்.

புகார் வந்தால் எங்கிருந்து தொடங்குவது

எங்கள் பக்கம் வரும் மலையாளி வாடிக்கையாளர்கள் "வண்டி வலிக்குந்நில்ல" என்பார்கள். புதிதாக வந்த பையன் வண்டிக்கு எங்கே வலி என்று குழம்புவான். வண்டி இழுக்கவில்லை என்று அர்த்தம். அப்படி ஒரு வண்டி வந்தால் உடனே கியர் பாக்ஸை இறக்கக் கை பரபரக்கும். இறக்காதீர்கள். பம்பின் வாய்க்கு எண்ணெய் வந்து சேர்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

கிணற்று மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். தண்ணீர் மட்டம் இறங்கினால் மோட்டார் காற்றை இழுக்கும். ஃபுட் வால்வில் தூசி அடைத்தால் இரையும். ஃபுட் வால்வு கசிந்தால் ராத்திரி முழுக்கக் குழாயில் தண்ணீர் இறங்கி, காலையில் சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் வராது. மூன்றும் கியர் பாக்ஸிலும் அப்படியே நடக்கும்.

முதல் வேலை, எண்ணெய் மட்டம். வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். குமுளியில் சமதளம் கிடைப்பதே அரிது என்பதால் எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு இடத்தை மட்டும் மட்டப்பலகை வைத்துப் பார்த்துச் சிமென்ட் போட்டிருக்கிறோம். மட்டம் பார்ப்பது அங்கே மட்டும்தான். அளவுக் கம்பி உள்ள வண்டிகள் பெரும்பாலானவற்றில் எண்ணெய் சூடான பிறகு, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்த்தால் கன்வெர்ட்டரில் இருந்த எண்ணெய் இறங்கி, அதிகமாகக் காட்டும். கம்பி இல்லாத வண்டிகளில் அடியில் ஒரு பிளக் இருக்கும். எண்ணெய் குறிப்பிட்ட சூட்டில் இருக்கும்போது அதைத் திறந்தால் மெல்லிசாக வழிய வேண்டும். எத்தனை டிகிரி என்பதை அந்த வண்டியின் புத்தகத்தில் பாருங்கள், ஊகத்தில் செய்யாதீர்கள். மட்டம் கூடினாலும் கெடுதல்தான். சுழலும் பாகங்கள் எண்ணெயை அடித்து நுரையாக்கும், பம்ப் நுரையைத் தள்ளும், நுரைக்கு அழுத்தம் நிற்காது.

அடுத்து காது. பார்க்கில் வைத்து ஐடிலிங்கில் கேளுங்கள், பிறகு மெதுவாக 1500 வரை ரேஸ் கொடுங்கள். ஊளை போல ஒரு சத்தம் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கினால், வண்டி நிற்கும்போதே கேட்டால், பம்ப் பக்கம் சந்தேகம் சரி. வண்டி ஓடும்போது மட்டும் வரும் சத்தம் பெரும்பாலும் பேரிங்கோ பல்சக்கரமோ. பம்ப் ஊளையிட்டாலே பம்ப் கெட்டது என்று எழுதிவிடாதீர்கள். ஃபில்டர் அடைத்திருந்தாலும், ஃபில்டரின் ஓ-ரிங் வெடித்துக் காற்று வாங்கினாலும் இதே ஊளைதான்.

அப்புறம் சம்பைக் கழற்றுங்கள். அடியில் ஒட்டியுள்ள காந்தத்தில் சாம்பல் நிறப் பசை மெல்லிசாக இருந்தால் அது வழக்கமான தேய்மானம். ஊசி ஊசியாக இரும்புச் சீவல் இருந்தால் ஏதோ உடைந்திருக்கிறது. எண்ணெய் கறுத்துக் கருகல் வாடை அடித்தால் கிளட்ச். பாலில் ரோஸ் கலந்த மாதிரி இருந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே புகுந்திருக்கிறது. அப்படியானால் கூலரைப் பார்க்காமல் வேறெதையும் தொட வேண்டாம். ஃபில்டரையும் ஓ-ரிங்கையும் புதிதாகப் போட்டு, சரியான எண்ணெய் ஊற்றி ஓட்டிப் பாருங்கள். இத்தோடு முடிந்துபோகிற வண்டிகள் நிறைய.

இதிலும் தீரவில்லையா, கேஜ் போடுங்கள். கியர் பாக்ஸின் உடலில் அழுத்தம் பார்ப்பதற்கென்றே ஒரு சின்ன பிளக் இருக்கும். 20 கிலோவுக்கு மேல் காட்டும் கேஜாக இருக்கட்டும். டிரைவிலும் ரிவர்ஸிலும் ஐடிலிங்கில் எவ்வளவு, பிரேக்கை இறுக மிதித்து முழு ஆக்சிலேட்டரில் எவ்வளவு என்று குறித்துக்கொண்டு புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். முழு ஆக்சிலேட்டரில் 5 விநாடிக்கு மேல் பிடிக்கக் கூடாது, எண்ணெய் கொதித்துவிடும். வண்டிக்கு முன்னால் ஆள் நிற்கவே கூடாது. எல்லா கியரிலும் அழுத்தம் குறைவு என்றால் பம்ப், ஃபில்டர், கட்டுப்பாட்டு வால்வு, இந்த மூன்றில் ஒன்று. ஒரே ஒரு கியரில் மட்டும் குறைவு என்றால் அந்தக் கிளட்ச்சின் வழியில் சீல் கசிகிறது. பம்ப் மேல் குற்றமில்லை. இந்த ஒரு சோதனை தேவையில்லாமல் கியர் பாக்ஸ் இறக்குவதைத் தடுத்துவிடும்.

எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் சிவப்பாகச் சொட்டினால் பெரும்பாலும் பம்பின் முன் சீல். ஆனால் சீல் மட்டும் மாற்றினால் போதாது, அதற்குப் பின்னால் உள்ள புஷ்ஷையும் பாருங்கள். புஷ் தேய்ந்து கன்வெர்ட்டர் கழுத்து ஆடினால் எந்தப் புது சீலும் தாங்காது.

கழற்றிப் பார்ப்பது

கியர் பாக்ஸை இறக்கி, கன்வெர்ட்டரை எடுத்தபின், பம்பைச் சுற்றியுள்ள போல்ட்டுகளைக் கழற்றுங்கள். பம்ப் சும்மா வராது. வெளியே பெரிய ஓ-ரிங் கவ்விப் பிடித்திருக்கும். ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பாதீர்கள், அலுமினியம் வாய் பிளக்கும். பல பம்புகளில் புல்லர் மாட்ட மரை போட்ட இரண்டு துளைகள் இருக்கும்.

மூடியைத் திறந்ததும், சக்கரங்களை எடுப்பதற்கு முன்பு, மேலே தெரியும் முகங்களில் மார்க்கரால் அடையாளம் போடுங்கள். பஞ்ச் அடிக்கக் கூடாது. எந்த முகம் மேலே இருந்ததோ அப்படியே திரும்பப் போட வேண்டும். இத்தனை நாள் ஒன்றோடொன்று பழகிய முகங்கள் அவை. பிறகு சுத்தம் செய்து காற்றடித்து உலர்த்துங்கள். பஞ்சு வேஸ்ட்டால் துடைக்கவே வேண்டாம். ஜீப் எஞ்சினுக்கு அது பரவாயில்லை. இங்கே ஒரு நூல் இழை போய் வால்வில் சிக்கினால் ஒரு கியரே விழாது.

விரல் நகத்தால் பிறையின் முகத்தையும் மூடியின் உட்புறத்தையும் தடவுங்கள். நகம் மாட்டும் அளவுக்குக் கீறல் இருந்தால் பம்ப் மாற்ற வேண்டியதுதான். பிறகு ஃபீலர் கேஜ். சக்கரங்களை உள்ளே வைத்து, மேலே நேரான பட்டையைப் போட்டு, பட்டைக்கும் சக்கரத்துக்கும் நடுவே இடைவெளி பாருங்கள். பழைய டொயோட்டா பிறைப் பம்புகளில் இது 0.02-லிருந்து 0.05 மில்லிமீட்டர் வரை, 0.1-ஐத் தாண்டினால் தேய்ந்துவிட்டது. வளையத்துக்கும் உடலுக்கும் நடுவே 0.07-லிருந்து 0.15 வரை, 0.3 எல்லை. தலைமுடி ஒன்றின் கனமே ஏறக்குறைய 0.07 என்று பார்த்தால், எவ்வளவு நெருக்கமான வேலை என்பது புரியும். உங்கள் கையில் உள்ள பெட்டிக்கு அதன் புத்தக அளவே செல்லும்.

கன்வெர்ட்டர் கழுத்தையும் நகத்தால் தடவுங்கள். சீல் உட்காரும் இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் கன்வெர்ட்டரையும் பார்த்தாக வேண்டும்.

திரும்பக் கோக்கும்போது சக்கரங்களை அதே கியர் எண்ணெயில் நனைத்துப் போடுங்கள். உலர்வாகப் போட்டால் முதல் ஸ்டார்ட்டிலேயே கீறிவிடும். பம்பின் போல்ட்டுகள் சின்னவை. மூடியில் பலவற்றுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவே இறுக்கம். கையில் இருக்கிற பலத்தை எல்லாம் காட்டினால் மூடி வளைந்து, அளந்து வைத்த இடைவெளி போய்விடும். டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

கன்வெர்ட்டரை உட்காரவைப்பது

இந்த இடத்தில் மெதுவாகப் படியுங்கள். புதுப் பம்பை ஒரே நாளில் உடைப்பது இங்கேதான்.

நான் தொழில் பழகிய இடத்தில், என் கையால் ஒரு பம்ப் உடைந்தது. கன்வெர்ட்டரைத் தள்ளினேன், உள்ளே போய் நின்றது, சரி என்று எஞ்சினோடு சேர்த்தேன். பெல் ஹவுசிங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி. போல்ட் போட்டு இறுக்கினால் சேர்ந்துவிடும் என்று நினைத்து இறுக்கினேன். சேர்ந்தது. ஸ்டார்ட் செய்ததும் ஒரு முறிகிற சத்தம், பிறகு எந்த கியரும் இல்லை. கழற்றினால் உள் சக்கரத்தின் காதுகள் இரண்டும் உடைந்து கிடந்தன. கழுத்தின் வெட்டு காதில் கோக்கவில்லை. காதின் தலைமேல் நின்றிருந்தது. போல்ட்டுகளின் மொத்த இழுவையும் பம்பின் மேல்.

செய்ய வேண்டியது இது. மாட்டுவதற்கு முன் கன்வெர்ட்டருக்குள் ஒரு லிட்டர் போல எண்ணெய் ஊற்றுங்கள். சீலின் உதட்டில் எண்ணெய் தடவுங்கள். கன்வெர்ட்டரை நேராகப் பிடித்து, எடையைச் சீலின் மேல் விடாமல், லேசாகத் தள்ளிக்கொண்டே இரு பக்கமும் திருப்புங்கள். உள்ளே நீளமான பற்கொண்ட தண்டுகள் ஒன்றிரண்டு, கடைசியாகப் பம்ப். ஒவ்வொன்றும் கோக்கும்போது 'டக்' என்று ஒரு சின்ன இறக்கம் கைக்குத் தெரியும். பெட்டிக்குப் பெட்டி இரண்டோ மூன்றோ டக் வரும். கடைசி டக் தான் பம்ப். அதற்கு முந்தைய இடத்தில் நின்றாலும் கன்வெர்ட்டர் நன்றாகச் சுற்றும், போய்ச் சேர்ந்த மாதிரியே இருக்கும். அதை நம்பாதீர்கள்.

அளந்து பாருங்கள். பெல் ஹவுசிங்கின் வாயில் நேர்ப் பட்டையை வைத்து, அங்கிருந்து கன்வெர்ட்டரின் போல்ட் காது வரை ஆழம் எவ்வளவு? புத்தகத்தில் குறைந்தபட்ச ஆழம் கொடுத்திருப்பார்கள். புத்தகம் கைக்கு எட்டாவிட்டால், பழைய கன்வெர்ட்டரைக் கழற்றும் முன்பே ஆழத்தைக் குறித்துக்கொள்வது நல்ல பழக்கம். எஞ்சினோடு சேர்க்கும்போது பெல் ஹவுசிங் கையாலேயே முழுதும் ஒட்ட வேண்டும். ஒட்டியபின் கன்வெர்ட்டர் தாராளமாகச் சுற்ற வேண்டும். ஃப்ளெக்ஸ் பிளேட்டைத் தொட அதைச் சில மில்லிமீட்டர் முன்னால் இழுக்க வேண்டியிருக்கும். இழுக்க இடமே இல்லை, இறுகி நிற்கிறது என்றால் போல்ட்டைத் தொடாமல் பிரியுங்கள்.

மலை ஓட்டுகிறவர்களிடம் சொல்ல வேண்டியது

வேலை முடித்துச் சாவியைக் கொடுக்கும்போது சில வார்த்தைகளையும் சேர்த்துக் கொடுங்கள். இறக்கத்தில் எஞ்சினை அணைத்துவிட்டு உருட்டுவது பழைய ஜீப்காரர்களின் டீசல் மிச்சப் பழக்கம். ஆட்டோமேட்டிக்கில் அப்படிச் செய்தால் பம்ப் நின்று கியர் பாக்ஸ் உலர்ந்தபடி சுற்றும். பிரேக்குக்கும் ஸ்டீயரிங்குக்கும் கிடைக்கிற உதவியும் கூடவே போய்விடும். இந்த வளைவுகளில் அது உயிருக்கே ஆபத்து.

ஏற்றத்தில் கியரைக் கீழே இறக்கி ஓட்டச் சொல்லுங்கள். எஞ்சின் கொஞ்சம் வேகமாகச் சுற்றினால் பம்ப் அதிக எண்ணெயைக் கூலருக்கு அனுப்பும். சபரிமலை சீசனில் வரிசை நகராமல் நிற்கும்போது ஆக்சிலேட்டரை மிதித்தே வண்டியைச் சரிவில் நிறுத்திவைப்பதுதான் எண்ணெயைக் கொதிக்கவைக்கிறது. ஹேண்ட் பிரேக் எதற்கு இருக்கிறது? வெகுநேரம் நின்றால் ஹேண்ட் பிரேக் போட்டு நியூட்ரலுக்கு வாருங்கள், எஞ்சின் ஓடட்டும், எண்ணெய் ஆறும்.

தள்ளி ஸ்டார்ட் செய்யவும் முடியாது. எஞ்சின் ஓடாமல் அழுத்தம் இல்லை, அழுத்தம் இல்லாமல் கிளட்ச் பிடிக்காது, கிளட்ச் பிடிக்காமல் சக்கரம் எஞ்சினைச் சுற்றாது. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபில் கார்களில் வந்த ஹைட்ரா-மேட்டிக் பெட்டியில் பின்னாலும் ஒரு பம்ப் இருந்தது, அது சக்கரத்தோடு சுற்றும். அந்தக் காலத்துப் பெட்டிகள் சிலவற்றைத் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடிந்தது அதனால்தான். 1960களில் அந்தப் பின் பம்பைப் படிப்படியாக விட்டுவிட்டார்கள். இப்போது வண்டி நின்றால் மேலே ஏற்றிச் செல்லும் ரெக்கவரி வண்டிதான் சரி. அது கிடைக்காத இடத்தில், முன்சக்கரம் இழுக்கும் வண்டியாக இருந்தால் முன்பக்கத்தைத் தூக்கி இழுக்கலாம். ரெக்கவரிக்கு ஆகும் பணத்தையும் கியர் பாக்ஸுக்கு ஆகும் பணத்தையும் பக்கத்தில் பக்கத்தில் சொல்லிவிடுங்கள், ஆள் கேட்பார்.

வண்டியைக் கொடுக்கும் முன்

எண்ணெயை முழுவதும் ஒரேயடியாக ஊற்றாமல், முதலில் கொஞ்சம் ஊற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். ரேஸ் வேண்டாம். பம்ப் எண்ணெயைப் பிடித்து, கன்வெர்ட்டரும் கூலரும் நிரம்ப நிரம்ப மட்டம் இறங்கும். மேலும் ஊற்றிக்கொண்டே வாருங்கள். பிரேக்கை மிதித்தபடி பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் என்று ஒவ்வொன்றிலும் சில விநாடி நிறுத்தி இரண்டு முறை போய் வாருங்கள். பிறகு சூட்டில் மட்டம் சரிபார்த்து, லோயர் கேம்ப் வரை இறங்கி ஏறுங்கள். திரும்பியதும் மறுபடியும் மட்டம்.

அன்று இரவு பெல் ஹவுசிங்குக்கு நேர் கீழே ஒரு அட்டையை விரித்து வண்டியை விட்டுவிடுங்கள். காலையில் குளிரில் முதல் ஸ்டார்ட்டை நீங்களே செய்யுங்கள். அட்டையில் சிவப்புச் சொட்டு இல்லாமல், டிரைவில் போட்ட ஒரு விநாடி போல நேரத்துக்குள் வண்டி மெதுவாக உந்தினால், வண்டிக்காரருக்குப் போன் போடலாம்.